மேற்குப் புறநகர்களில் பிகோனியா வளர்ப்பு: ரகம் அறிந்து விற்றலும் வாங்கலும்

சென்னை நகருக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களில் வீட்டு முகப்பிலும் மாடித் தாழ்வாரத்திலும் தொட்டிகளையும் தொங்குகூடைகளையும் வைத்துப் பூச்செடி வளர்க்கும் வழக்கம் பெருகி வருகின்றது. அவ்வாறு வளர்க்கப்படுவனவற்றுள் கலப்பினப் பிகோனியாவும் ஒன்று. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நாற்றுப்பண்ணைகளின் முன்வரிசையில் இச்செடிகள் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் பூத்து நிற்பதைக் காணலாம். பொங்கலை ஒட்டி இவற்றை வாங்கிச் செல்வோர் பலர். ஆயினும் மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் அச்செடிகளுட் பல தண்டு நெகிழ்ந்து, இலை உதிர்ந்து, அழுகி மடிகின்றன. வளர்த்தவர் தமது கைராசி சரியில்லை என்று வருந்துகின்றார். விற்றவரோ, தண்ணீர் அதிகமாக விட்டிருப்பீர்கள் என்று கூறி மற்றொரு செடியை எடுத்துக் கொடுக்கின்றார்.

உண்மையில் இந்த நஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் கைராசியுமன்று, தண்ணீருமன்று. மலையில் வாழத்தக்க ரகத்தையும் சமவெளியில் வாழத்தக்க ரகத்தையும் பிகோனியா என்ற ஒரே பெயரால் விற்பதும், அவ்வேற்றுமையை விசாரியாமல் பூவின் அழகை மட்டும் கண்டு வாங்குவதுமே காரணமாகும். செடியை அதன் பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தலை விடுத்து, வளர்க்கும் ஊரின் இரவு வெப்பத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை இப்பகுதியில் ஏற்பட வேண்டும். அம்முறை வளர்ப்போருக்கு மட்டுமன்றிச் சிறு நாற்றுப்பண்ணைக்காரருக்கும் நிலையான நன்மை தரும்.

பூவின் பெயர் பெற்ற ஊர்

பூந்தமல்லி என்றும் பூவிருந்தவல்லி என்றும் வழங்கும் ஊர் பூவோடு நெடுங்காலத் தொடர்புடையது. இவ்வூரிற் பிறந்த திருக்கச்சி நம்பி நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு எடுத்துச் சென்றார் என்பது வைணவ மரபு. அக்காலத்து நந்தவனத்துக்கு நிலமும் ஏரி நீரும் நிறைந்த வெயிலும் இருந்தன. இக்காலத்து நிலைமை வேறு. ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளும், அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டு முதல் தொழிற்பேட்டையும் ஏற்பட்ட பின்னர் வயல்களும் தோப்புகளும் படிப்படியாக மனைகளாயின. இன்று அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்துக்குத் தோட்டம் என்பது நான்கடி அகலமுள்ள தாழ்வாரமே. அதற்கும் மேல்மாடித் தளம் கூரையாக நிற்பதால் நேர்வெயில் சில மணி நேரமே கிடைக்கும். வடக்கு நோக்கிய வீடுகளில் அதுவும் கிடைப்பது அரிது.

மல்லிகையின் பெயர் பெற்ற ஊரில் அயல்நாட்டுச் செடி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மல்லிகை நல்ல வெயிலிற் பூப்பது. நிழலில் வைத்தால் கொடி நீளுமேயன்றி அரும்பு கட்டாது. ரோஜாவும் செம்பருத்தியும் அத்தகையனவே. அரை நிழலில் பல மாதம் விடாது பூக்கும் செடிகள் மிகச் சிலவே. அவற்றுள் பிகோனியா முதன்மையான ஒன்று. ஆகையால் மல்லிகைக்கு இடமில்லாத தாழ்வாரத்தில் பிகோனியாவுக்கு இடமளிப்பதில் பிழையில்லை. எந்தப் பிகோனியா என்பதே கேள்வி.

கலப்பினங்கள் தோன்றிய விதம்

பிகோனியா என்பது ஒரு செடியின் பெயரன்று. 2,000-க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தின் பெயராகும். பிரெஞ்சுத் தாவர அறிஞர் சார்ல் ப்ளூமியே என்பவர், மேற்கிந்தியத் தீவுகளில் அதிகாரியாயிருந்த மிஷேல் பெகோன் என்பவரைச் சிறப்பிக்க இப்பெயரைச் சூட்டினார். தமிழ்நாட்டுக் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரி மரத்தின் தாவரப் பெயர் இதே ப்ளூமியேயின் பெயரைத் தழுவியதாகும். இக்குடும்பத்துச் செடிகள் அமெரிக்க, ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் வெப்ப மண்டலக் காடுகளில் இயற்கையாக வளர்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான நிழற்பாறைகளில் மலபாரிகா என்னும் பிகோனியா தானே முளைத்து வளர்கின்றது. இலையழகுக்குப் புகழ்பெற்ற ரெக்ஸ் பிகோனியாவின் தாயகம் அஸ்ஸாமை உள்ளிட்ட வடகிழக்கு இந்தியாவேயாகும்.

பெரிய பூக்களையுடைய கிழங்குப் பிகோனியாக்கள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரிலிருந்து வந்தவை. 1860-களில் ரிச்சர்டு பியர்ஸ் என்பவர் பொலிவியா, பெரு நாடுகளின் உயர்ந்த மலைச்சரிவுகளிலிருந்து சில இனங்களைத் திரட்டி இங்கிலாந்திலுள்ள வீட்ச் நாற்றுப்பண்ணைக்கு அனுப்பினார். அங்கே ஜான் செடென் என்பவர் அவற்றைக் கலந்து உண்டாக்கிய முதற்கலப்பினம் 1870-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பின்னர் பிரான்ஸ் நாட்டு விக்டர் லெமுவான் முதலியோர் அடுக்குப் பூ ரகங்களை விருத்தி செய்தனர். ரோஜாவைப் போன்று அடுக்காகப் பூக்கும் இக்கிழங்கு ரகங்களின் முன்னோர் யாவும் குளிர்ந்த இரவில் வாழ்ந்த மலைச்செடிகள் என்பதை மறத்தலாகாது.

வேறொரு வழியும் உண்டு. அரபிக் கடலிலுள்ள சொகோட்ரா தீவிலிருந்து 1880-ஆம் ஆண்டில் பெய்லி பால்பர் என்னும் தாவர அறிஞர் ஒரு பிகோனியாவைக் கொண்டு சென்றார். அது குளிர்காலத்திற் பூத்து, வறண்ட கோடையில் மண்ணுக்குள் உறங்கும் இயல்புடையது. இதனைக் கிழங்குப் பிகோனியாவோடு கலந்து எலாட்டியர் என்னும் வகை உண்டாயிற்று. அவ்வகையை 1955-ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியில் ஓட்டோ ரீகர் என்பவர் செம்மைப்படுத்தியதால் ரீகர் பிகோனியா என்னும் பெயரும் வழங்குகின்றது. வெப்பத் தீவிற் பிறந்த மூதாதையும் கோடையில் உறங்கியே உயிர் பிழைத்தது என்பது கவனிக்கத்தக்கது. இவற்றுக்கெல்லாம் வேறாக, பிரேஸில் நாட்டின் தாழ்ந்த நிலங்களைச் சார்ந்த இனங்களிலிருந்து மெழுகு பிகோனியாவும், மூங்கில் போன்ற தண்டுடைய பிகோனியாவும் தோன்றின. சமவெளிக்கு உரியவை இப்பிரேஸில் வழி வந்தவையே.

இரவின் உஷ்ணமும் பகலின் நீளமும்

செடி பகலில் வெயிலைக் கொண்டு தன் உணவைத் தயாரிக்கின்றது. இரவில் அவ்வுணவிற் சிறிதைச் செலவழித்து மூச்சு விடுகின்றது. இரவு வெப்பமாயிருப்பின் அச்செலவு மிகும். பகலில் ஈட்டியதனைத்தும் இரவிற் கரைந்து போனால் பூவுக்கும் வேருக்கும் மிச்சமில்லை. மெல்லிய சாறு நிறைந்த தண்டும் நுண்ணிய வேரும் கொண்ட பிகோனியாவுக்கு இந்த நஷ்டம் விரைவில் வெளிப்படும். வேர் தளர்ந்த நிலையில் மண்ணும் ஈரமாயிருந்தால் அழுகற் பூஞ்சைகள் பற்றிக்கொள்ளும். ஆகவே செடி அழுகி மடிவதைக் கண்டு தண்ணீரைக் குறை கூறுவோர் பாதி உண்மையையே கூறுகின்றனர்.

சென்னையில் தை மாத இரவுகளில் உஷ்ணம் ஏறக்குறைய 21 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்கும். மே மாத இரவுகளிலோ 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் 38 டிகிரிக்கு மேலும் ஏறும்; 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நகரில் 45 டிகிரி பதிவாயிற்று. காங்கிரீட் சுவர் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவு முழுதும் வெளிவிடுவதால் அடுக்குமாடித் தாழ்வாரம் திறந்த வெளியைக் காட்டிலும் சூடாகவே இருக்கும். 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள பெங்களூரில் மே மாத இரவு ஏறக்குறைய சென்னையின் தை மாத இரவைப் போன்றது. அத்தகைய மேட்டு நிலங்களில் வளர்த்து லாரியிற் கொண்டுவரப்படும் செடி, சென்னையில் இரண்டு மாதம் செழித்துப் பின் மடிவதில் வியப்பில்லை. அச்செடி வந்திறங்கும் காலத்துக் குளிர்ச்சியே சென்னையில் அதற்குக் கிடைக்கும் மிகுந்த குளிர்ச்சியாகும்.

கிழங்குப் பிகோனியாவுக்கு மற்றொரு தடையும் உண்டு. அது நீண்ட பகலில் வளர்ந்து பூப்பது. பகற்பொழுது 12 மணி நேரத்துக்கும் குறைந்தால், குளிர்காலம் வந்துவிட்டதெனக் கருதியதுபோல் வளர்ச்சியை நிறுத்திக் கிழங்கு கட்டத் தொடங்கும். சென்னையில் மார்கழி மாதப் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடமே. ஆனி மாதத்தில்தான் 13 மணியை நெருங்கும். குளிர்ச்சியுள்ள காலத்தில் பகல் குறுகியது. பகல் நீண்ட காலத்தில் குளிர்ச்சியில்லை. ஆகையால் இச்செடிக்கு இங்கே ஏற்ற பருவம் என்பதே இல்லை. உதகமண்டலமும் கொடைக்கானலும் சென்னைக்குச் சற்றுத் தெற்கே இருப்பவையாதலால் பகல் நீளத்தில் மிகுந்த வேற்றுமையில்லை. ஆயினும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தால் அங்குச் சித்திரை, வைகாசி மாதங்களிலும் இரவு குளிர்ந்திருக்கும். உதகை அரசு தாவரவியல் பூங்காவிலும், 1908-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் கண்ணாடி மாளிகைகளில் பிகோனியா செழிப்பதன் காரணம் இதுவே. கோடை விடுமுறையில் அவற்றைக் கண்டு மகிழ்ந்தவர் அதே செடியை அம்பத்தூரில் வளர்க்க விரும்புவது இயல்பு. அவ்விருப்பத்தைப் பயன்படுத்திச் செடியை விற்பது முறையன்று.

எவ்வகை எவ்விடத்துக்கு

மெழுகு பிகோனியா: பளபளப்பான உருண்டை இலைகளும் சிறு பூக்களும் உடையது, 8 முதல் 12 அங்குலம் உயரம் வளரும். பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாது பூக்கும். குளிர்மாதங்களிற் காலை வெயிலை நன்றாகத் தாங்கும்; செம்புநிற இலையுள்ள ரகங்கள் பச்சை இலை ரகங்களைவிட அதிக வெயில் தாங்கும். தொட்டிக்கும் கூடையின் ஓரத்துக்கும் ஏற்றது. தொடக்கத்தில் வளர்ப்போர் இதனையே கொள்ளுதல் நலம்.

டிராகன் விங் முதலிய பெருங்கலப்பினங்கள்: மெழுகு பிகோனியாவின் விடாத பூப்பும் மூங்கில் தண்டுப் பிகோனியாவின் வலிமையும் சேர்ந்தவை. கிளைகள் வளைந்து தாழ்வதால் தொங்குகூடைக்கு மிகப் பொருத்தமானவை. வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். விலை சற்று மிகுதியாயினும் ஒரு கூடைக்கு இரண்டு மூன்று செடி போதும்.

மூங்கில் தண்டுப் பிகோனியா: கணுக்கணுவான தண்டும் இறக்கை வடிவ இலையும் கொண்டு, பூக்கள் கொத்தாகத் தொங்கும். நிழலும் காற்றோட்டமும் கொடுத்தால் சமவெளியிற் கோடையைக் கடந்து பல ஆண்டு வாழத்தக்கது. பெரிய தொட்டிக்கு ஏற்றது.

இலையழகுப் பிகோனியாக்கள்: தடித்த தண்டு மண்ணின்மேற் படர்ந்து வளரும் வகைகள் நிழல் மிகுந்த வடக்குத் தாழ்வாரத்தில் வாழும். ரெக்ஸ் ரகங்களுக்குக் காற்றில் ஈரம் மிகுதியாக வேண்டுமாதலால் அவை சித்திரை, வைகாசியில் வாடும் அபாயமுண்டு.

எலாட்டியர் அல்லது ரீகர்: குறுகிய பகலிற் பூப்பதால் மார்கழி, தை மாதங்களில் மிக அழகாயிருக்கும். ஆயினும் இது அப்பருவத்து விருந்தாளியே. கோடையைத் தாண்டும் என்று எதிர்பார்த்து வாங்குதல் ஆகாது.

கிழங்குப் பிகோனியா: மலைக்கே உரியது. இப்பகுதிகளில் விற்பதையும் வாங்குவதையும் தவிர்ப்பதே நன்று.

தொட்டி, மண், நீர்

தொங்குகூடை 10 அல்லது 12 அங்குல வாயுள்ளதாக இருத்தல் வேண்டும். அதினும் சிறியது ஒரே வெயிலில் உலர்ந்து போகும். தென்னை நார் உள்விரிப்பு வேருக்குக் காற்றைக் கொடுக்கும்; ஆயினும் விரைவில் உலரும். மண்தொட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். ஈரமான கூடையின் எடை மிகுதியாதலால் கொக்கியை மேல்தளத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும். கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய தாழ்வாரமே சிறந்தது. காலை 9, 10 மணி வரையுள்ள வெயில் நன்மை செய்யும். மேற்குச் சுவரோரம் எந்தப் பிகோனியாவுக்கும் ஏற்றதன்று.

வயல் மண்ணை அப்படியே தொட்டியில் இடலாகாது. களிமண் இறுகி வேரை அழுகச் செய்யும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலையெரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, நெல் உமிக்கரி ஒரு பங்கு கலந்த கலவை இலேசாகவும் வடிகால் உள்ளதாகவும் இருக்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கக் கூடுமாதலால் நல்ல நீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சேர்க்க வேண்டும். ஆழ்குழாய் நீர் உவர்ப்பாயுள்ள வீடுகளில் இலையோரம் கருகுவதற்கு அவ்வுப்பே காரணம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கூரை நீரிற் சிறிதைத் தொட்டியிற் சேமித்து இச்செடிகளுக்கு ஊற்றினால் நல்ல பலன் தரும்.

நீர் விடுவதற்கு நாள் கணக்கு வைத்தல் தவறு. விரலை ஓர் அங்குலம் கலவையினுள் அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் அடியில் வடியும்வரை காலையில் விட வேண்டும். மாலையில் இலையை நனைத்தல் சாம்பல் நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்கும் இடம் கொடுக்கும். நோயுற்ற இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். மாவுப்பூச்சி தென்பட்டால் நனைத்த துணியால் துடைத்து, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீரை மாலை வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். இலை இரவுக்குமுன் உலரும்படி காற்றோட்டம் இருத்தல் அவசியம். 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினாற் போதும்.

புயற்காலத்தில் கூடைகளை இறக்கி உள்ளே வைத்தல் இன்றியமையாதது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் இப்பகுதியினர் நினைவில் உள்ளவை. தொங்கும் கூடை காற்றில் அறுந்து விழின் செடிக்கு மட்டுமன்றிக் கீழே நடப்போர் உயிருக்கும் கேடாகும்.

கோடையைக் கடத்தலும் நாற்று விருத்தியும்

பங்குனி பிறந்ததும் மெழுகு பிகோனியாவையும் அதன் கலப்பினங்களையும் மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, மொட்டுகளைக் கிள்ளி, உரத்தை நிறுத்தி, வடக்குப்புற நிழலுக்கு மாற்ற வேண்டும். தொங்கும் கூடைகளைத் தரைக்கு இறக்கி மற்றச் செடிகளோடு நெருக்கி வைத்தால் ஈரம் காக்கப்படும். அக்கினி நட்சத்திரத்தில் பூவை எதிர்பாராமல் உயிரை மட்டும் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும். ஆடியில் முதல் மழை பெய்து இரவு சிறிது தணிந்ததும் புதுத் துளிர் எழும்.

நாற்றுப்பண்ணைக்காரருக்கு இதில்தான் லாபம் இருக்கின்றது. கோடையைத் தாங்கிய செடியே இவ்வூருக்கு ஏற்ற தாய்ச்செடி. ஆடி, ஆவணியில் அதிலிருந்து இரண்டு மூன்று கணுவுள்ள 4 அங்குலத் துண்டுகளை எடுத்து, உமிக்கரிக் கலவையில் நட்டு, நிழல் வலையின்கீழ் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். கார்த்திகையில் அவை விற்பனைக்கு ஆயத்தமாகும். ஐப்பசி அடைமழையில் நனையாதபடி மேலே ஒளிபுகும் தாள் கூரை மட்டும் அவசியம்.

விதை மூலம் வளர்ப்பதும் கூடும். மெழுகு பிகோனியா விதை தூசியைப் போன்றது. ஒரு கிராமில் 70,000-க்கு மேற்பட்ட விதைகள் உண்டு. வெளிச்சத்தில் முளைப்பதாகையால் மேலே மண் மூடலாகாது. விதைத்தது முதல் பூக்கும்வரை நான்கு மாதம் வேண்டுமாதலால் ஆவணியில் விதைத்தல் தகும். முதற்தலைமுறைக் கலப்பினத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போன்ற செடியைத் தராது. துண்டு நட்டு வளர்த்தால் தாயின் குணம் மாறாது. ஆயினும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற ரகமாயின், உரிமையாளர் அநுமதியின்றி வியாபாரத்துக்காக விருத்தி செய்யலாகாது. இதனை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விற்போர் கடமை

பூவுள்ள செடியை வாங்குவோர் பூவை அநுபவித்துவிட்டு எறிந்துவிடட்டும், இதில் என்ன குற்றம் என்பது வியாபாரிகளுட் சிலர் கூறும் வாதம். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. மல்லிகைச் சரம் மறுநாள் வாடும் என்பதை அறிந்தே மக்கள் வாங்குகின்றனர். ஆகவே ஒருவரும் பூ விற்பவரைக் குறை கூறுவதில்லை. ரீகர் பிகோனியாவையும் அவ்வாறே இரண்டு மாத அழகுக்கென்று சொல்லி விற்கலாம். வாங்குவோர் அதற்கேற்ற விலை கொடுப்பர். ஆனால் ஆண்டு முழுதும் பூக்கும் என்று கூறி அதையே விற்பது வேறு காரியம். இரண்டுமுறை ஏமாந்தவர் மூன்றாம் முறை பிகோனியாவை மட்டும் அன்று, எந்தச் செடியையும் வாங்கத் தயங்குவார். அப்போது நஷ்டம் அடைவது தொலைவில் நாற்று வளர்த்தவரல்லர். நெடுஞ்சாலையோரத்தில் சிறு இடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தும் உள்ளூர்ப் பண்ணைக்காரரே.

உண்மையைச் சொன்னால் விற்பனை குறையும் என்பது மற்றொரு அச்சம். முதல் ஆண்டில் சிறிது குறையலாம். ஆயினும் ஒரு வீட்டில் ஒரு செடி கோடையைத் தாண்டிப் பூத்துவிட்டால், அதைக் கண்ட அண்டை வீட்டார் அதே கடையைத் தேடி வருவர். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இத்தகைய செய்தி பரவ நாளாகாது. தொட்டி, கூடை, கலவை, உரம் ஆகியவற்றின் விற்பனையும் செடி உயிரோடிருக்கும் வரையில்தான் நடைபெறும்.

ஆகையால் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிறு சீட்டு இருத்தல் வேண்டும். அதில் செடியின் வகை, அது கோடையைத் தாங்குமா அல்லது பருவத்துக்கு மட்டுமா என்பது, வைக்க வேண்டிய இடம், நீர் விடும் முறை ஆகிய நான்கும் தமிழில் எழுதப்பட்டிருந்தாற் போதும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வாங்குவோரும் நிறம் என்ன என்று கேட்பதற்கு முன் வகை என்ன, எங்கே வளர்ந்தது, சென்ற கோடையில் இவ்வூரில் இருந்ததா என்று கேட்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

துறையினர் செய்யத்தக்கது

சென்னையில் 2022 ஜூன் மாதம் கலைவாணர் அரங்கத்தினுள் தோட்டக்கலைத் துறை மலர்க்கண்காட்சி நடத்திற்று. 2024-ஆம் ஆண்டில் பிப்ரவரி மாதத்திலும், 2025-ஆம் ஆண்டில் ஜனவரி மாதத்திலும் செம்மொழிப் பூங்காவில் திறந்த வெளியிலே கண்காட்சி நடைபெற்றது. தை, மாசி மாதமே இந்நகருக்குரிய மலர்ப்பருவம் என்பதைப் பிந்திய ஏற்பாடு நன்கு காட்டுகின்றது. அக்கண்காட்சிகளில் மலர்களின் அழகோடு, எந்தச் செடி சமவெளியில் வாழும், எது மலைக்கு உரியது என்ற அறிவிப்பும் தனித்தனிப் பகுதிகளாக வைக்கப்படுமாயின் வருவோர்க்குப் பெரும்பயன் விளையும்.

அதினும் முக்கியமானது, பிகோனியா ரகங்களை மாசி முதல் ஆவணி வரை ஒரு முழுக்கோடை இப்பகுதியிலேயே வைத்துப் பரீட்சித்து, பிழைத்தவை எவை, மடிந்தவை எவை என்னும் விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுதல். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் ஊருக்கேற்ற ரகம் எது என்று பரீட்சை செய்வது நெடுங்கால வழக்கம். சிறு பண்ணைக்காரர் பலருடைய பிழைப்பு தொங்கும் தொட்டிப் பூச்செடியைச் சார்ந்திருக்கும் இக்காலத்தில் அதே முறையை இதற்கும் கையாளுதல் தகும். பிழைத்த செடிகளின் துண்டுகளைப் பயிற்சி பெற்ற பண்ணைக்காரருக்கும் மகளிர் குழுவினருக்கும் வழங்கினால், வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிக்குச் செலவாகும் பணத்திற் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலேயே தங்கும்.

பூச்செடி வளர்த்தல் செல்வர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று. ஆலையில் வேலை செய்து திரும்பும் தொழிலாளியும், வாடகை வீட்டில் வாழும் குடும்பத் தலைவியும், ஒரு தொட்டிச் செடியில் அடையும் மகிழ்ச்சி சிறிதன்று. அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற செடியைக் கொடுத்தலே வியாபாரத்துக்கு அழகு. விற்போர் வகையைச் சொல்லி விற்று, வாங்குவோர் இரவின் வெப்பத்தை எண்ணி வாங்கி, துறையினர் பரீட்சித்த விவரத்தை இருவருக்கும் அறிவிப்பார்களாயின், மேற்குப் புறநகர்த் தாழ்வாரங்களிற் பிகோனியா பங்குனியில் மடியாமல் அடுத்த மார்கழியிலும் பூத்து நிற்கும் என்பதில் ஐயமில்லை.